விட்ட இடத்திலிருந்து

செக்பாயிண்ட் என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது முந்தல் செக்போஸ்ட். அதை விட்டால் மேலே போடிமெட்டில் கேரள எல்லையில் இருப்பது. வண்டியை நிறுத்துவார்கள், சீட்டைப் பார்ப்பார்கள், விடுவார்கள். நான் சென்னையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மாரடித்த செக்பாயிண்ட் வேறு சங்கதி. பெரிய கம்ப்யூட்டரில் ராத்திரி முழுக்க ஓடுகிற ஒரு புரோகிராம், ‘இதுவரை செய்தது முடிந்தது, இனி அதைத் தொட வேண்டாம், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இங்கிருந்து ஆரம்பியுங்கள்’ என்று அடையாளம் வைத்துவிட்டுப் போகிற இடம் அது.

என் பேரன் போனில் விளையாடும் கார் விளையாட்டில்கூட செக்பாயிண்ட் வருகிறது. வண்டி கவிழ்ந்தால் முதலிலிருந்து ஓட்ட வேண்டாம், கடைசிக் கொடியிலிருந்து ஓட்டினால் போதும். அவனுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்ட எங்களுக்குப் பல வருஷம் ஆனது.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர் வண்டன்மேட்டில் ஒருவருக்குப் போனில் பணம் அனுப்பியிருக்கிறார். இவர் கணக்கில் கழிந்துவிட்டது, அங்கே வரவில்லை. திரையில் ‘பெண்டிங்’ என்று நிற்கிறது. “அண்ணே, என்கிட்டயும் இல்ல, அவர்கிட்டயும் இல்ல. அப்ப பணம் எங்கதாண்ணே இருக்கு?” என்று கேட்டார். நம் வயதுக்காரர்கள் பலரும் கேட்கிற கேள்விதான் இது. பென்ஷன் வருவதும், மருந்துக் கடைக்குப் போவதும், பிள்ளைகள் அனுப்புவதும் எல்லாம் இந்த வழியில்தான். கம்ப்யூட்டர் நின்று போவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். நின்றதை எப்படித் திரும்பக் கிளப்புகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வங்கிகளைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

கொஞ்சம் விளக்கிவிட்டு அந்தக் கட்சிக்கு வருகிறேன்.

பழைய ஏலக்காய்க் கடைகளில் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நிறைந்ததும் கீழே கோடு போட்டுக் கூட்டுவார். அந்தத் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு போவார். நடுவில் கரண்ட் போனாலும், ஆள் வந்து பேச்சுக் கொடுத்தாலும், அவர் முதல் பக்கத்துக்குப் போக மாட்டார். கடைசியாகக் கோடு போட்ட பக்கத்துக்கு மேலே எல்லாம் சரி என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கீழே எழுதிய நாலு வரியை மட்டும் மறுபடி சரிபார்ப்பார். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஒரு விவசாயி ஆறு மூட்டை கொண்டுவந்திருந்தால் மூன்றாவது மூட்டையில் கோடு போட மாட்டார். அந்த ஆளின் கணக்கை முடித்துவிட்டுத்தான் கோடு. செக்பாயிண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதற்குள் இருக்கிறது.

மெயின்பிரேம் என்பது பீரோ அளவில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர். பெரிய வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், விமான கம்பெனிகள் எல்லாம் அதை நம்பித்தான் வளர்ந்தன. இந்தியாவில் அது அதிகம் இல்லை. ஐஐடி மெட்ராஸில் 1973-ல் ஜெர்மன் உதவியோடு வந்த ஐபிஎம் 370 பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. 1978-ல் ஐபிஎம் கம்பெனியே நாட்டைவிட்டுப் போய்விட்டது. ஆனால் 1990-களின் கடைசியில் ஒய்2கே பயம் வந்தபோது சென்னையில் தெருவுக்குத் தெரு மெயின்பிரேம் சொல்லிக்கொடுத்தார்கள். கோபால் படித்தால் அமெரிக்கா என்றார்கள். (கோபால் ஆள் பெயர் இல்லை, கம்ப்யூட்டர் மொழி. பெயர்ப் பொருத்தத்தில் எங்கள் டீமிலும் ஒரு கோபால் இருந்தார், அவருக்கு அந்த மொழி கடைசிவரை பிடிக்கவில்லை.) அப்படி வேலைக்கு வந்த கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்தவன் நான். பெரும்பாலும் ஐஎம்எஸ் என்ற அமைப்பில்தான் வேலை.

ஐஎம்எஸ் பிறந்த கதை சுவாரஸ்யமானது. நிலவுக்கு மனிதனை அனுப்பும் அப்பல்லோ திட்டத்தில் லட்சக்கணக்கான பாகங்களுக்குக் கணக்கு வைக்க வேண்டியிருந்தது. எந்தப் பாகம் எதற்குள் போகிறது, எது வந்துவிட்டது, எது வரவில்லை என்று. ஐபிஎம், விண்கலம் கட்டிய ராக்வெல், டிராக்டர் செய்யும் கேட்டர்பில்லர் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து இதை உருவாக்கின. 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவில் டவுனி என்ற ஊரில் ஒரு டெர்மினலில் ‘ரெடி’ என்ற வார்த்தை வந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கினார். அப்பல்லோ பயணங்கள் நின்றுபோய் அரை நூற்றாண்டு ஆகிறது, ஐஎம்எஸ் நிற்கவில்லை. இன்றைக்கும் உலகத்தின் பெரிய வங்கிகள் பலவற்றில் ஓடுகிறது.

அதில் ஒரு புரோகிராம் தகவல்களை மாற்றும்போது, மாற்றுவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று ஒரு நகல் ‘லாக்’ என்ற தனிப் பதிவேட்டுக்குப் போய்விடும். புரோகிராம் பாதியில் செத்தால் (இதற்கு ‘அபெண்ட்’ என்று பெயர், ‘அபெண்ட் ஆயிருச்சு’ என்றால் எங்கள் ஆபீசில் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம்) அந்தப் பதிவேட்டைப் பின்னாலிருந்து படித்து, மாற்றியதையெல்லாம் பழையபடி மாற்றிக்கொண்டே வரும். எதுவரை வரும் என்றால், கடைசியாக வைத்த செக்பாயிண்ட் வரை. செக்பாயிண்டே வைக்கவில்லை என்றால் தொடக்கம் வரை.

போடிமெட்டுச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு. பதினைந்தாவது வளைவில் மண் சரிந்து கிடக்கிறது, வண்டியைத் திருப்ப எங்கேயும் இடமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரிவர்ஸிலேயே முந்தல் வரை இறங்க வேண்டும். ஏறின நேரத்துக்குக் குறையாமல் இறங்கும் நேரமும் ஆகும். அதுவரைக்கும் பின்னால் வந்த வண்டி ஒன்றும் நகர முடியாது. செக்பாயிண்ட் இல்லாத புரோகிராம் ஆறு மணி நேரம் ஓடிச் செத்தால் இதே கதிதான். மாற்றியதைத் திருப்பவே மணிக்கணக்கில் ஆகும். அது முடிகிறவரை அந்தத் தகவல்கள் பூட்டியே கிடக்கும், வேறு யாரும் தொட முடியாது.

இப்படி ஒரு நாள் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, பெயர் வேண்டாம். அவர்கள் தூங்குகிற நேரம் நமக்குப் பகல். அதனால் அவர்களுடைய ராத்திரி ஓட்டங்களை நாங்கள் சென்னையில் காலைக் காபியோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்வோம். பிரீமியம் கணக்குப் போடும் ஒரு பழைய புரோகிராம். எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எழுதிய காலத்தில் பாலிசிகள் குறைவு, அரை மணியில் முடிந்திருக்கும், செக்பாயிண்ட் தேவைப்பட்டிருக்காது. பாலிசிகள் பெருகப் பெருக ஓட்டம் நீண்டுகொண்டே போனது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாதக் கடைசியில் இடம் போதாமல் செத்தது. நம் ஊர் நேரப்படி மதியச் சாப்பாட்டு வேளை. மாற்றியதை எல்லாம் திருப்பி முடிப்பதற்குள் அங்கே பொழுது விடிந்து, ஏஜெண்டுகள் திரையைத் திறந்து காத்திருக்கிறார்கள். ஒரு பாலிசிகூடத் திறக்கவில்லை. புருஷன் இறந்த செய்தியைச் சொல்லிப் பணம் கேட்க வந்த அம்மாளிடம் ‘சிஸ்டம் டவுன்’ என்று சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தையின் பின்னால் ஒரு சோம்பேறித்தனம் ஒளிந்திருக்கிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவா போகிறது?

சரி, செக்பாயிண்ட் வைத்துவிட்டால் முடிந்ததா? இங்கேதான் எனக்கும் எங்கள் மேனேஜர்கள் சிலருக்கும் ஒத்துப்போகாது. அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ‘செக்பாயிண்ட் இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி. ‘ஆம்’ என்று டிக் அடித்தால் வேலை தீர்ந்தது.

ஐஎம்எஸ்ஸில் செக்பாயிண்ட் வைப்பதற்கு ‘சிஎச்கேபி’ என்று ஒரு அழைப்பு. எட்டு எழுத்தில் ஒரு அடையாளம் கொடுத்து அழைக்க வேண்டும். கூடவே, புரோகிராம் தன் மனதில் வைத்திருக்கிற கூட்டுத்தொகை, எண்ணிக்கை இவற்றையெல்லாம் ஏழு பொட்டலம் வரை கட்டிக் கொடுக்கலாம். அதையும் பத்திரமாக எழுதி வைக்கும். திரும்பக் கிளப்பும்போது புரோகிராம் முதல் வேலையாக ‘எக்ஸ்ஆர்எஸ்டி’ என்று அழைக்க வேண்டும். அப்போது கட்டிக் கொடுத்த பொட்டலங்கள் அப்படியே கைக்கு வரும், படித்துக்கொண்டிருந்த கோப்பும் விட்ட இடத்தில் போய் நிற்கும். அழகான ஏற்பாடு. ஆனால் ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, பொட்டலத்தில் எதைக் கட்டுவது என்பது. புரோகிராம் எழுதியவர் ஐந்து கூட்டுத்தொகைகளைக் கட்டியிருப்பார். பத்து வருஷம் கழித்து ஒரு புதுப் பையன் ஆறாவதாக ஒன்றைச் சேர்ப்பான். பொட்டலத்தில் சேர்க்க அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புரோகிராம் சாகாமல் ஓடுகிறவரை ஒன்றும் தெரியாது. என்றைக்குச் செத்துப் பிழைக்கிறதோ அன்றைக்கு அந்த ஆறாவது தொகை மட்டும் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். மாதக் கணக்கு உதைக்கும். எங்கே உதைக்கிறது என்று தேடியே நாலு நாள் போகும்.

இரண்டாவது இன்னும் மோசம். விட்ட இடத்தில் கோப்பு தானாகப் போய் நிற்கும் என்றேனே, அது ஐஎம்எஸ் வழியாகத் திறந்த கோப்புகளுக்கு மட்டும்தான். யாராவது அவசரத்தில் சாதாரணக் கோப்பு ஒன்றைத் திறந்து அதில் எழுதிக்கொண்டிருந்தால், ஐஎம்எஸ்ஸுக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. செக்பாயிண்டுக்குப் பிறகு, சாவதற்கு முன் எழுதின வரிகள் அதில் அப்படியே இருக்கும். திரும்பக் கிளப்பினால் அதே வரிகளை மறுபடி எழுதும். தகவல் பெட்டகத்தில் எல்லாம் ஒரு தடவை, கோப்பில் மட்டும் இரண்டு தடவை. அந்தக் கோப்பிலிருந்து கடிதம் அச்சாகிறது என்றால் ஒரே ஆளுக்கு இரண்டு கடிதம் போகும். நான் பார்த்த ஒரு சம்பவத்தில் போனது பிரீமியம் கட்டச் சொல்லும் கடிதம். ‘என்னடா இது’ என்று கேட்டவர்கள் பிழைத்தார்கள். வயதானவர்கள் சிலர் கேள்வி கேட்காமல் இரண்டு காசோலை அனுப்பினார்கள். அந்தக் காசோலைகளைத் தேடிப் பிடித்துத் திருப்பி அனுப்பும் வேலை எங்கள் தலையில் வந்தது. பட்டியலைப் பார்த்தால் அந்தப் புரோகிராமுக்கும் ‘செக்பாயிண்ட் இருக்கிறது’ என்று டிக் போட்டுத்தான் இருந்தது.

மூன்றாவது, எங்கே கோடு போடுவது என்பது. பல கம்பெனிகளில் ‘ஐந்நூறு வரிக்கு ஒரு செக்பாயிண்ட்’ என்று ஒரு விதி இருக்கும். ஐந்நூறாவது வரி யாருடைய கணக்கின் நடுவில் விழுகிறது என்று விதி போட்டவர் யோசித்திருக்க மாட்டார். ஒருவர் கணக்கில் கழித்தாகிவிட்டது, இன்னொருவர் கணக்கில் கூட்டவில்லை, நடுவில் கோடு. அந்த நொடியில் மெஷின் செத்தால், கம்ப்யூட்டரின் கண்ணில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, பணம் மட்டும் காணோம். நம் கணக்குப்பிள்ளை ஒரு விவசாயியின் ஆறு மூட்டைக்கு நடுவில் கோடு போடாததன் அர்த்தம் இதுதான். இங்கே போடியில் நடக்கிற ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தை எடுத்துக்கொண்டால் லாட் என்பதுதான் இயற்கையான அலகு. இன்ஷூரன்ஸில் ஒரு பாலிசி. வங்கியில் கொடுக்கல், வாங்கல் இரண்டும் சேர்ந்த ஒரு பரிவர்த்தனை. அலகு எது என்று தொழில் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அதனால்தான் செக்பாயிண்ட் இடத்தைப் புரோகிராம் எழுதுகிறவரிடம் மட்டும் விடக்கூடாது, அந்தத் துறையில் கணக்குப் பார்க்கிறவரும் கூட உட்கார வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வேன். கேட்டவர்கள் குறைவு.

அடிக்கடி வைத்தாலும் சிக்கல்தான். ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் நேரம் பிடிக்கும். அதை வைத்ததும் புரோகிராம் தான் நின்ற இடத்தை விட்டுவிடும், மறுபடி போய் இடம் பிடிக்க வேண்டும். வளைவுக்கு வளைவு இறங்கி டீ குடித்தால் எப்போது மூணாறு போய்ச் சேருவது? அளவை ஒரு தாளில் வெளியே வைத்திருந்து, கூட்டம் அதிகமான மாதக் கடைசியில் மாற்றிக்கொள்கிற மாதிரி எழுதியவர்கள் புத்திசாலிகள். புரோகிராமுக்குள்ளேயே செதுக்கி வைத்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நம் மதுரை–போடி ரயில் பாதையை அகலப்படுத்தியது இதற்கு நல்ல உதாரணமாக எனக்குப் படும். 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் ரயில் நின்றது. பிறகு உசிலம்பட்டி வரை, ஆண்டிபட்டி வரை, 2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூன் 15 அன்று போடி வரை என்று துண்டு துண்டாக முடித்துத் திறந்தார்கள். பன்னிரண்டரை வருஷம் ஆயிற்றே என்கிற வயிற்றெரிச்சல் வேறு விஷயம். ஒவ்வொரு துண்டும் பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்து முடிந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ரயில் ஓடியது. பணம் வராமல் வேலை நின்ற காலங்களிலும் முடிந்த துண்டு முடிந்ததாகவே இருந்தது. துண்டை எங்கே முடித்தார்கள் பாருங்கள், ஒரு ஸ்டேஷனில். நடுக்காட்டில் இல்லை.

இனி வெளிநாட்டுக் கதை ஒன்று. 2012 ஜூன் மாதம் பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் ராத்திரி ஓட்டங்களை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். ஏதோ சரியில்லை என்று பட்டதும் பழையதற்குத் திரும்பினார்கள். பழையதற்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை. ராத்திரி ஓட்டங்கள் குழம்பின. அன்றைய வேலை முடியாமல் அடுத்த நாள் வேலை வந்து ஏறியது. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். இருப்பு எவ்வளவு என்று பார்க்க முடியவில்லை, வீட்டுக் கடன் தவணை போகவில்லை, வெளிநாடு போனவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள். அதே குழுமத்தின் அயர்லாந்து வங்கியான அல்ஸ்டரில் ஜூலை மாதம் வரை இழுத்தது. 2014 நவம்பரில் பிரிட்டனின் இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகளும் சேர்ந்து 5.6 கோடி பவுண்ட் அபராதம் போட்டன.

அந்தச் சமயத்தில் அங்கத்திய பத்திரிகைகள் சில, வேலையை இந்தியாவுக்கு அனுப்பியதால் வந்த வினை என்று எழுதின. எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் மூக்கு சிவந்தது. பிறகு வங்கியின் தலைவரே, அந்த வேலை எடின்பரோவில் இருக்கிற குழு பார்த்தது என்று நாடாளுமன்றக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அது எங்கள் மான உணர்ச்சிக்காகச் சொன்னது. விஷயம் என்னவென்றால், முதலில் வந்த கோளாறு சின்னது. அதிலிருந்து திரும்பி வருகிற வழியை யாரும் நடந்து பார்த்து வைக்காததால்தான் நாள்கணக்கில் வளர்ந்தது.

இப்போது ஏலக்காய் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஒரே வங்கிக்குள் ஒரே கம்ப்யூட்டரில் என்றால் கழிப்பதையும் கூட்டுவதையும் ஒன்றாகக் கட்டி, இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்று வைத்துவிடலாம். யுபிஐயில் உங்கள் வங்கி ஒன்று, அவர் வங்கி இன்னொன்று, நடுவில் என்பிசிஐ. உங்கள் வங்கி கழித்துக் கோடு போட்டுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ‘சேர்த்துவிட்டேன்’ என்ற பதில் வரவில்லை. சேர்த்துவிட்டுப் பதில் வழியில் தொலைந்ததா, சேர்க்கவே இல்லையா என்று இவர்களுக்குத் தெரியாது. தெரியாதபோது அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஒரே பணம் இரண்டு பேருக்குப் போய்விடும். அதனால் இரண்டு வங்கிகளுக்கும் இடையில் தீர்க்கப்படாத ஒரு வரியாக நிற்கிறது. பணம் ஓடிப்போகவில்லை, கணக்கு ஒத்துப்பார்க்கிறவரை காத்திருக்கிறது.

எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. யுபிஐயில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பி, கழிந்து, சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள். ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து நோட்டு வரவில்லை என்றாலும் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, நாம் கேட்காமலே கொடுக்க வேண்டும். பன்னிரண்டு இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் ஒன்று திரையில் வரும், அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘பெண்டிங்’ என்று நிற்கும்போது மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் அனுப்பியதும் போய்ச் சேர்ந்துவிடலாம். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். விவரம் கேட்க 14448.

எங்கள் காலத்தில் ஒரு வசதி இருந்தது. ராத்திரி என்றால் ராத்திரி. வங்கி மூடியிருக்கும், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டங்களை ஓட்டலாம். 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது, அரை மணிக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு 48 தவணை. அடுத்த வருஷம் டிசம்பரில் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே ஆயிற்று. யுபிஐக்குத் தூக்கமே கிடையாது. வட்டிக் கணக்குப் போடும் புரோகிராம் ஒரு பக்கம் ஓட, அதே கணக்கிலிருந்து ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுகிறார். செக்பாயிண்ட் வைத்தால்தான் பூட்டுகள் அவிழும், அவர் பணம் போகும். வைக்காமல் நீண்ட நேரம் பூட்டிக்கொண்டு ஓடினால் அவருக்கு ‘மீண்டும் முயற்சிக்கவும்’. அந்தக் காலத்தில் புரோகிராம் செத்தால்தான் செக்பாயிண்டின் அருமை தெரியும். இப்போது உயிரோடு ஓடும்போதே அது தேவைப்படுகிறது.

இளைஞர்களிடம் இதைப் பேசினால் சிரிக்கிறார்கள். “சார், இப்பல்லாம் செத்தா இன்னொரு மெஷின் எந்திரிச்சிரும். முதல்லருந்து ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது, ஒரே நம்பர் ரெண்டாவது தடவை வந்தா தள்ளிரும்” என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு எண் கொடுத்து, ஏற்கெனவே பார்த்த எண் என்றால் ஒதுக்கிவிடுவது. ஆனால் எந்த எண்ணைப் பார்த்தோம் என்று எங்கேயோ எழுதி வைத்தால்தானே தள்ள முடியும்? அது கணக்குப்பிள்ளையின் கோட்டுக்கு இன்னொரு பெயர். செயற்கை அறிவுக்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்களே, அதிலும் அவ்வப்போது செக்பாயிண்ட் எழுதி வைக்கிறார்கள், அதே பெயரில். பழசு என்று சிரிக்கிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். கடைசியாக எப்போது வேண்டுமென்றே நடுவில் கொன்று, திரும்பக் கிளப்பிப் பார்த்தீர்கள்? இதற்கு நேரான பதில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் காலத்து மேனேஜர்களும் சொன்னதில்லை, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

2020 நவம்பர் 21 அன்று எச்டிஎஃப்சி வங்கியின் முக்கிய டேட்டா சென்டரில் மின்சாரம் போய் ஆன்லைன் சேவைகள் நின்றன. அதற்கு முன்னால் இரண்டு வருஷமாகவே இப்படிப் பலமுறை ஆகியிருந்தது. டிசம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி, புதிய டிஜிட்டல் திட்டங்களைத் தொடங்கக் கூடாது, புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. முழுத் தடையும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. ரிசர்வ் வங்கி செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அபராதம் கட்டுவது பெரிய வங்கிக்குக் கொசுக்கடி. வியாபாரத்தை நிறுத்தினால்தான் வலிக்கும்.

ஆனால் ஒன்று குறைகிறது. நின்ற பிறகு தண்டிக்கிறோம். வங்கிகளும் ‘வருஷத்தில் இத்தனை சதவீத நேரம் நிற்காமல் ஓடினோம்’ என்றுதான் பெருமை பேசுகின்றன. நின்ற சேவை எத்தனை நிமிஷத்தில் எழுந்தது, எழுந்தபோது எத்தனை பேருக்கு இரண்டு தடவை கழிந்தது, எத்தனை பேருக்குச் சேராமல் போனது, கணக்கு ஒத்துப்போக எத்தனை நாள் ஆயிற்று என்று வெளியிடச் சொல்லலாம். மாற்று டேட்டா சென்டருக்கு மாறிப் பார்க்கிற பயிற்சி வங்கிகளில் நடக்கிறது. பெரும்பாலும் விளக்கை அணைத்துப் போடுகிற பயிற்சி அது. முன்கூட்டித் தேதி குறித்து, எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு மாறுவார்கள். மாதக் கடைசியில், பென்ஷன் ஓட்டம் பாதியில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கிற பயிற்சி வேண்டும். உண்மையான கணக்கில் வேண்டாம், நகலில் செய்யட்டும். அதில் ஒரு பென்ஷன்காரருக்கு இரண்டு தடவை பணம் ஏறினாலோ, ஒருவருக்கு ஏறாமல் போனாலோ, அந்தப் புரோகிராமை அடுத்த மாதம் ஓட விடக்கூடாது. அதை முடிவு செய்கிற மேஜையில் புரோகிராமரோடு, பென்ஷன் பிரிவில் கணக்குப் பார்த்து நரைத்த ஒரு ஹெட் கிளார்க்கும் உட்கார வேண்டும்.